எந்தத் தேதியில் விடுதலை? செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

மேரிலாந்தில் வாழும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் நம் வரலாற்று நடைக் குழுவுக்கு இது ஆறாம் ஆண்டு. 38 குடும்பங்களோடு தொடங்கி 43 குடும்பங்களோடு முடித்திருக்கிறோம். வெளியூர் நடை நான்கு, மாலைக் கூட்டம் ஐந்து. வழக்கம்போல இரண்டு பக்கத்தில் அறிக்கையை முடித்துவிடும்படி துணைத் தலைவர் சொன்னார். முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் போன ஆண்டுப் பொதுக்குழுவில் கிளம்பிய வழக்கிலிருந்து தொடங்கியது. ஆண்டு விழாவை ஜூன் 19 அன்று வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் லீவு என்று பொருளாளர் முன்மொழிந்தார். 1865-இல் அன்றைக்குத்தான் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை வெளியிட்டார். 2021 முதல் அது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. சரி என்று கைதூக்கப்போன நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, "அது டெக்சஸ் தேதி. நாம இருக்கிற மேரிலாந்துல எப்போ?" என்று கேட்டார். பதினைந்து வருஷமாக இங்கே வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் தைரியமாக, "1863, லிங்கன் பிரகடனம்" என்றார். அவர் வேறு யாருமில்லை, உங்கள் செயலாளர்தான். பதில் தப்பு. இந்த ஆண்டு முழுவதும் அந்தக் கேள்விக்கே போகட்டும் என்று அப்போதே தீர்மானமானது.

முதல் நடை செப்டம்பரில் ஆன்டீட்டம். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் (1861–65) களம் அது. ஷார்ப்ஸ்பர்க் ஊரை ஒட்டிய அந்தச் சோளக்காட்டிலும் பள்ளமான வண்டிப்பாதையிலும் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே பகலில் இருதரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர் இறந்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். போரே கூடாது என்ற கொள்கையுடைய டங்கர் சபையாரின் சின்ன வெள்ளைக் கோயில் சண்டைக்கு நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. அடிமைகளுக்கான விடுதலைப் பிரகடனத்தை அதிபர் லிங்கன் ஜூலையிலேயே எழுதி வைத்திருந்தார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் கையாலாகாதவன் புலம்பலாகத் தெரியும், ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று அமைச்சர் சீவர்ட் சொன்னதால் காத்திருந்தார். ஆன்டீட்டத்தை வெற்றி என்று சொல்வதே கொஞ்சம் இழுபறிதான். ஆனாலும் தெற்குப் படை பின்வாங்கியது, ஐந்தே நாளில் முன்னறிவிப்பு வெளியானது.

இங்கேதான் என் தப்பு தெரியவந்தது. 1863 ஜனவரி 1-ஆம் தேதிப் பிரகடனம் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே. வடக்கோடு நின்ற மேரிலாந்து, டெலாவேர், கென்டக்கி, மிசோரி ஆகிய அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. மேரிலாந்தில் 1860 கணக்குப்படி 87,189 அடிமைகள், 83,942 சுதந்திரமான கறுப்பர்கள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. புருஷன் சுதந்திரமானவன், பெண்டாட்டி அடிமை என்ற குடும்பங்கள் ஏராளம். தாய் எதுவோ பிள்ளையும் அதுவே என்பது சட்டம். எந்த மண்ணில் சிந்திய ரத்தத்தை வைத்துப் பிரகடனம் வந்ததோ, அந்த மண்ணிலிருந்த அடிமைகளுக்கு அது இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏசி நின்றுபோனது. பஸ்காரரிடம் பாதிப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

இரண்டாம் நடை, அக்டோபரில், வர்ஜீனியாவின் ஃபோர்ட் மன்ரோ. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். புளியோதரைக்கு ஏற்பாடு செய்த மூன்று குடும்பங்களுக்கும் நன்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோட்டை இருக்கும் முனைக்குப் பாயின்ட் கம்ஃபர்ட் என்று பெயர். 1619-இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல்முதலாக ஆப்பிரிக்கர்களை, இருபது சொச்சம் பேரை, கப்பலில் கொண்டுவந்து இறக்கியது இதே முனையில். 242 ஆண்டு கழித்து, 1861 மே 23 இரவு, ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகை எடுத்துக்கொண்டு எதிர்க்கரையிலிருந்து துடுப்புப் போட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். சார்லஸ் மாலரி என்ற தெற்குத் தரப்புக் கர்னல் அவர்களை உடைமையாக வைத்திருந்தார். எதிர்க்கரையில் பீரங்கி மேடை கட்ட அவர்களை வேலை வாங்கினார்கள். அடுத்து கரோலைனா பக்கம் அனுப்பப்போகிறார்கள், பெண்டாட்டி பிள்ளைகளை இனிப் பார்க்க முடியாது என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

வர்ஜீனியா தெற்கோடு போனாலும் கோட்டை வடக்கின் கையில்தான் இருந்தது. அதன் தளபதி பெஞ்சமின் பட்லர், மாசசூசெட்ஸ் வக்கீல். பெரிய அடிமை ஒழிப்பு வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் முன்புதான் நம் அனாபொலிஸில் இறங்கி, இங்கே அடிமைகள் கலகம் செய்தால் அடக்கித் தருகிறேன் என்று மேரிலாந்து ஆளுநருக்கே எழுதியவர். மறுநாள் கர்னலின் ஆள் வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லும் உங்கள் சட்டப்படி மூவரையும் ஒப்படையுங்கள் என்றார். பட்லருக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். வர்ஜீனியா தனி நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும்? அதோடு இவர்கள் உங்கள் பொருள் என்கிறீர்கள், எங்களைச் சுடுவதற்கு மேடை கட்டிய பொருள், ஆகவே போரில் பறிமுதல் செய்யத்தக்க சரக்கு. 'கான்ட்ராபேண்ட்' என்ற அந்தச் சொல்லே பிறகு அப்படி ஓடிவந்தவர்களின் பெயராக நாடெங்கும் நிலைத்தது.

மனிதர்களைச் சரக்கு என்று சொல்லியே காப்பாற்றியதில் சங்கடப்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அங்கேயே கடற்சுவர் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாக்குவாதம். என் கட்சி இது: பட்லருக்கு அந்த வாதம் தோன்றியதற்குக் காரணம் அந்த மூவர் வாசலில் வந்து நின்றது. அவர்கள் வராமல் இருந்திருந்தால் அவர் எதற்கும் வாதாடியிருக்க மாட்டார். செய்தி பரவியதும் எட்டுப்பேர், அப்புறம் நாற்பது ஐம்பது, கைக்குழந்தையோடும் கிழவிகளோடும் வந்துகொண்டே இருந்தார்கள். கோடை முடிவதற்குள் ஏறத்தாழ 900 பேர். ஆகஸ்டில் நாடாளுமன்றம், எதிரிப்படை வேலைக்குப் பயன்படுத்திய அடிமைகளைப் பறிமுதல் செய்யலாம் என்று சட்டமே போட்டது. கால்நடையாகவும் படகிலும் வந்தவர்களின் பின்னால்தான் சட்டம் வந்தது.

ஹாம்ப்டனில், இப்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கும் ஓக் மரத்தடியில், மேரி பீக் என்ற சுதந்திரமான கறுப்பினப் பெண் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். 1862 பிப்ரவரியில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1863-இல் அதே மரத்தடியில் விடுதலைப் பிரகடனத்தை வாசித்ததாகச் சொல்கிறார்கள். பிரகடனத்தின் வாசகத்தைக் கையில் வைத்திருந்த நம் கல்லூரி மாணவர் ஒருவர், "அங்கிள், இதுல எலிசபெத் சிட்டி கவுன்டியும் விதிவிலக்குன்னு போட்டிருக்கே?" என்றார். அந்த மரம் நிற்கும் மண் அந்தக் கவுன்டிதான். வடக்குப் படையின் கையில் ஏற்கெனவே இருந்த இடம் என்பதால் விட்டுவிட்டார்கள். கேட்டு மகிழ்ந்த கூட்டத்துக்கு அந்தக் காகிதம் எழுத்தளவில் செல்லாது. அவர்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கோட்டையின் இன்னொரு மூலையில், தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸைப் போர் முடிந்ததும் இரண்டாண்டு அடைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கேதான் அதிகம் படம் எடுத்தார்கள்.

மூன்றாம் நடை ஏப்ரல் 16, வாஷிங்டன். தலைநகரில் அடிமை முறை ஒழிந்தது 1862-இல் அந்தத் தேதியில், பிரகடனத்துக்கு எட்டு மாதம் முன்பே. ஏறத்தாழ 3,100 பேர் விடுதலையானார்கள். நஷ்டஈடு உண்டு, ஆனால் உடைமையாளருக்கு: தலைக்கு 300 டாலர் வரை. விடுதலையானவருக்கு, நாட்டை விட்டுப் போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை.

நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் சுதந்திரச் சிலையை அன்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அதை வார்த்த பட்டறையில் ஃபிலிப் ரீட் என்ற அடிமை வேலை செய்தார். சுண்ண மாதிரியை உடைக்காமல் பிரித்தெடுக்க யாருக்கும் வழி தெரியாதபோது, கப்பி கட்டித் தூக்கி இணைப்பு எங்கே என்று கண்டுபிடித்தவர் அவர். ஆறு நாள் கூலி அவருடைய உடைமையாளருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் அவர் கைக்கு, நாளுக்கு ஒன்றேகால் டாலர். 33 ஞாயிறுக்கு 41 டாலர் 25 சென்ட். பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அந்தத் தொகையைத் தன் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். 1863 டிசம்பரில் சிலை மேலே ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர்.

அன்று மாலையே ஆர்லிங்டன் கல்லறையின் 27-ஆம் பிரிவுக்கும் போனோம். தெற்குத் தளபதி லீ குடும்பத்தின் தோட்டம் அது. போர் நடக்கும்போதே அங்கே விடுதலையானவர்களுக்கு ஒரு கிராமம் அமைத்தார்கள். 27-ஆம் பிரிவில் ஏறத்தாழ 3,800 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பல கற்களில் பெயருக்கு அடியில் 'சிட்டிசன்' என்று மட்டும் இருக்கிறது. கறுப்பர் யாரும் குடிமகனாக முடியாது என்று 1857-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி டேனி நம் மேரிலாந்துக்காரர். அந்தத் தீர்ப்பை அரசியல் சட்டம் மாற்றியது 1868-இல்தான். அங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

நான்காம் நடை, மே மாதம், கிழக்குக் கரையின் டால்பட் கவுன்டி. அக்காவின் கேள்விக்குப் பதில்: 1864 நவம்பர் 1. அடிமை முறையை ஒழிக்கும் புது அரசியல் சட்டத்தை மேரிலாந்து எழுதி, மக்கள் ஓட்டுக்கு விட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் அது. ஆதரவு 30,174, எதிர்ப்பு 29,799. வித்தியாசம் 375. ஊரில் இருந்தவர்கள் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் தோற்றிருக்கும். களத்திலிருந்த படைவீரர்கள் ஓட்டுதான் கரை சேர்த்தது. இந்த மாநிலம் எவ்வளவு பிளந்து கிடந்தது என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம்: 1862 மே மாதம் ஃபிரன்ட் ராயலில் வடக்கின் முதல் மேரிலாந்துப் படைப்பிரிவும் தெற்கின் முதல் மேரிலாந்துப் படைப்பிரிவும் நேருக்கு நேர் மோதின. லிங்கனைக் கொடுங்கோலன் என்று வைத பாட்டு நம் மாநிலப் பாட்டாக 2021 வரை இருந்தது.

டால்பட் கவுன்டியில் பிறந்து, 1838-இல் மாலுமி வேடத்தில் ரயிலேறித் தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1864 நவம்பரில் 26 வருஷத்துக்குப் பிறகு பால்டிமோருக்கு வந்து பேசினார். ஆனால் அதே நவம்பரில் பழைய எஜமானர்கள் கறுப்புப் பிள்ளைகளை அநாதைக் கோர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்க, தொழில் பழக்குகிறோம் என்று எழுதி வாங்கிப் பழைய வீட்டுக்கே கட்டிப்போட்டார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைக்கு எழுத்து கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனை இவர்களுக்குக் கிடையாது. டால்பட்டைச் சேர்ந்த எலிசபெத் டர்னர் என்ற பெண்ணின் வழக்கில், இது அடிமை முறைதான் என்று தலைமை நீதிபதி சேஸ் 1867-இல் தீர்ப்புச் சொன்னார். ஆகவே நவம்பர் 1 என்ற பதிலும் எலிசபெத்துக்குப் பொருந்தவில்லை. கேள்வி கேட்ட அக்கா, "அப்ப எழுதிக்கோங்க, இந்தப் பொண்ணுக்கு மூணு வருஷம் லேட்" என்றார்.

மாலைக் கூட்டங்களில் நல்ல கூட்டம் சேர்ந்தது ஒன்றுக்குத்தான். நம் கோவில்பட்டி அண்ணாச்சி பஞ்சைப் பற்றிப் பேசினார். தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்ததும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றது. வெள்ளைக்காரன் இந்தியப் பஞ்சைத் தேடினான், திருநெல்வேலிக் கரிசலில் விலை எகிறியது, போர் முடிந்ததும் சரிந்தது. "மிசிசிப்பியில சண்டை, எங்க ஊர்ல கம்மம் புஞ்செயெல்லாம் பருத்தி" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். மற்ற நான்கு கூட்டத்துக்கும் சராசரியாகப் பதினொரு பேர். இந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவரையும் மே மாத நடைக்குக் கூப்பிட்டோம். வந்தார், அடுத்த நடைக்கு முன்பணமும் கட்டிவிட்டார்.

குறைகள்: ஆன்டீட்டத்தில் கோடைத் தொப்பிகள் இரண்டு காணாமல் போயின. சிறுவர்களுக்கான கைப்பிரதி கடைசிவரை தயாராகவில்லை, அது என் பொறுப்பு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தேதி விஷயம். செயற்குழுவில் ஓட்டுக்கு விட்டோம். ஜூன் 19-க்கு ஆறு, நவம்பர் 1-க்கு ஏழு. பொருளாளர் நவம்பரில் அரங்க வாடகை அதிகம் என்பதையும் மேடைக்குப் பின்னால் குளிர் தாங்காது என்பதையும் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். மே 23 என்று ஒரே ஒரு சீட்டு வந்தது. படகில் வந்த மூவர் நாள் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், கணக்கில் சேர்க்கவில்லை. இறுதி முடிவு பொதுக்குழுவுடையது. தேநீருக்கு முன்பே ஓட்டெடுப்பை முடித்துவிடலாம், வடை ஆறிவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்