செத்த போர்ட் ஒன்று வேண்டும்

அட்டன்
2026 பெப்ரவரி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கடையில் மேசை தெரியாத அளவுக்குப் போன்கள் குவிந்து கிடக்கின்றன. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கண் எரிகிறது. வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டிருக்கலாம்தான், ஆனால் நீ தாளில் எழுதிக் கேட்டதற்கு அங்கே பதில் போட மனம் வரவில்லை.

டித்வா புயலில் எங்கள் வீடு தப்பிவிட்டது. பின்சுவர் மட்டும் இன்னும் காயாமல் பூத்துப்போய் நிற்கிறது. நாம் பள்ளிக்குப் போவோமே ஒரு குறுக்குப் பாதை, ஊற்றுக்குப் பக்கத்தால் ஏறுவது, அது இப்போது இல்லை. மலையே கொஞ்சம் கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ வந்தால் வழி தெரியாமல் நிற்பாய். உயிரிழப்பு நாடு முழுவதும் அறுநூறைத் தாண்டியது என்பதைப் பத்திரிகையில் படித்திருப்பாய். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை, நேரில் பேசலாம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பேத்திக்கு வாங்க நினைத்த போன் தீபாவளிக்கு ஒரு விலை, பொங்கலுக்கு வேறு விலை, அதுவும் ரேமைக் குறைத்து விற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "ரேடியோ காலத்திலிருந்து நீ இதே வேலையில் இருக்கிறாய், காரணம் சொல்" என்று உத்தரவு வேறு. கடைக்காரன் ஏமாற்றவில்லை மச்சான். மெமரி, அதாவது போனுக்குள் தகவலை வைத்திருக்கிற சிப்தான் காரணம். ரேமும் அதில் ஒரு வகை.

நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை, அந்த ஸ்டோர் ஞாபகம் இருக்கிறதா? என் அப்பா மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலையில் இருந்தார். அந்த வாசனைக்காகவே நாம் படியேறிப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு இறங்குவோம். சித்திரை மழை பிடித்து மலையெல்லாம் ஒரேயடியாகத் துளிர்த்தால் துரைக்குச் சந்தோஷம், அப்பாவுக்குத் தலைவலி. கொழுந்து லொறி லொறியாக வரும், பரப்புகிற இடமோ அதேதான். வாடுவதற்கு ஒரு ராத்திரி வேண்டும், அதை அரை ராத்திரியாக்க பெரிய துரையாலும் முடியாது. அவசரப்பட்டுக் குவித்தால் சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும்.

சிப் தொழிற்சாலையும் அந்த மேல்மாடி மாதிரிதான். சிப்புக்கு மூலப்பொருளான மணலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் இடத்துக்கும் நாளுக்கும்தான். முந்நூறு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு சிலிக்கன் தட்டு, நம் வீட்டுச் சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் நூற்றுக்கணக்கான சிப்கள் ஒன்றாக உருவாகின்றன. அந்தத் தட்டு உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். படம் பதிப்பது, அரிப்பது, படியவைப்பது, கழுவுவது என்று நூற்றுக்கணக்கான படிகள், புதிய ரகங்களுக்கு ஆயிரத்துக்கும் மேல். இன்றைக்கு உலகமே கூடி நின்று கேட்டாலும் மாதத்துக்கு இத்தனை தட்டு என்ற கணக்கு மாறாது.

அந்தக் கணக்கில்தான் இப்போது பங்கு மாறியிருக்கிறது. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ரேமாகப் போகிற டி-ரேம் மெமரியில் பெரும்பகுதியை மூன்று கம்பனிகள்தான் செய்கின்றன: கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். ஏஐ இயந்திரங்களுக்கு எச்.பி.எம். என்று ஒரு மெமரி வேண்டும். மெமரிச் சில்லுகளை எட்டு, பன்னிரண்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊடே துளை போட்டு இணைப்பது. நல்ல காசு. ஆனால் அதே அளவு நினைவகத்துக்குச் சாதாரண கம்ப்யூட்டர் ரேமான டிடிஆர்5-ஐவிட மூன்று மடங்கு தட்டு இடம் பிடிக்கிறது என்று மைக்ரோனே சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு தட்டு போனால் இந்தப் பக்கம் எத்தனை போன் குறையும் என்று நீயே போட்டுப் பார். எஸ்கே ஹைனிக்ஸ் 2026-இல் செய்யப்போகிற மெமரி முழுவதும் விற்றுப்போய்விட்டதாகப் போன அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மைக்ரோன் டிசம்பரில், கடைகளில் விற்ற 'குரூஷல்' வியாபாரத்தையே மூடுவதாகச் சொன்னது. 29 வருடப் பெயர் அது. பழைய லப்டொப்புகளுக்கு நான் போடுகிற ரேம் அதுதான். செய்தியைப் படித்துவிட்டுக் கையிருப்பை எண்ணிப் பார்த்தேன், நான்கு இருந்தது.

புதிதாக ஒரு ஸ்டோர் கட்டினால் என்ன என்று கேட்பாய். கட்டத்தான் செய்கிறார்கள். ஒன்று கட்ட ஆயிரம் கோடி டொலருக்கு மேல், இரண்டு மூன்று வருடம். உள்ளே வைக்கிற இயந்திரத்துக்கும் வரிசை. மிக நுண்ணிய கோடு போடுகிற இயந்திரத்தை உலகத்திலேயே ஒரே கம்பனிதான் செய்கிறது, நெதர்லாந்தில் உள்ள ஏஎஸ்எம்எல். அதற்குள் உருகிய தகரத் துளிகளை ஒரு செக்கனுக்கு ஐம்பதாயிரம் தடவை லேசரால் அடித்து, அதில் பிறக்கிற வெளிச்சத்தால் கோடு போடுகிறார்கள். முதலில் படித்தபோது எவனோ கதை விடுகிறான் என்று நினைத்தேன். ஈயம் உருக்கிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டால் பொறாமைகூட வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொன்று, அவர்களுக்குப் பயமும் உண்டு. தேயிலைக் கன்று நட்டால் கொழுந்தெடுக்க மூன்று நான்கு வருடமாகிறது, அதற்குள் ஏல விலை என்ன ஆகுமோ என்று தோட்டக்காரன் யோசிப்பான் இல்லையா? தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் அத்தனை வருடம் இருந்த உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2023-இல் மெமரி விலை விழுந்தபோது சாம்சங்கின் சிப் பிரிவுக்கு மட்டும் 14 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் நட்டம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு ஓடி வருமா?

2021 தட்டுப்பாட்டையும் இதையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். அது வேறு. அப்போது இல்லாமல் போனது பெரிய சிப் மட்டுமல்ல, அதிகம் தவித்தது சின்னஞ்சிறு சிப்களுக்கு. மின்சாரத்தைப் பங்கிடுகிற பவர் ஐசி, டிஸ்பிளேயை ஓட்டுகிற ஐசி. ஒன்றிரண்டு டொலர் சாமான். ஆனால் அது இல்லாவிட்டால் முழுப் போனும் நிற்கும். இவற்றைச் செய்வது பழைய தொழிற்சாலைகள், லாபம் குறைவு, அதனால் யாரும் புதிதாகக் கட்டவில்லை. கொரோனா வந்ததும் கார்க் கம்பனிகள் ஓர்டரை ரத்துச் செய்தன. அந்த இடத்தை லப்டொப்பும் போனும் பிடித்துக்கொண்டன. கார்க்காரர்கள் திரும்பி வந்தபோது வரிசை நீண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல், மின்சாரம் போய் அங்கிருந்த சாம்சங் தொழிற்சாலையே நின்றது. மார்ச்சில் ஜப்பானில் ரெனெசாஸ் தொழிற்சாலையில் தீ.

தாய்வான் கதைதான் எனக்கு மறக்கவில்லை. 2020-இல் அந்தத் தீவின் கரையை ஒரு சூறாவளிகூடத் தொடவில்லை. 56 வருடத்தில் அப்படி நடந்ததே இல்லையாம். சூறாவளி வந்தால்தான் அங்கே நீர்த்தேக்கம் நிரம்பும். வராததால் மறு வருடம் கடும் வறட்சி. சிப் கழுவுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்று டிஎஸ்எம்சி கம்பனி பவுசர் லொறிகளில் தண்ணீர் எடுத்தது. அரசாங்கம் நட்டஈடு கொடுத்துப் பல ஆயிரம் ஹெக்டேர் வயலுக்குத் தண்ணீரை நிறுத்தியது. அங்கே புயல் வராததால் விவசாயி வயலைத் தரிசு போட்டான், இங்கே வந்து மலை சரிந்தது.

அந்த 2021-ஐ நாங்கள் எப்படிக் கழித்தோம் தெரியுமா? பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. மலிவு ரகம் கடைக்கு வரவில்லை. மறு வருடம் ரூபாய் விழுந்தது, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது, இறக்குமதியும் இறுகியது. புதுப் போன் வாங்க வழியில்லாமல் எல்லாரும் பழையதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எனக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், தட்டுப்பாடு எல்லாருக்கும் பொது என்று பேசும்போது. ஆயிரம் டொலர் போனில் மெமரி விலை ஏறினால் கம்பனி லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நூறு டொலர் போனில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? விலையை ஏற்றவேண்டும், அல்லது ரேமைக் கிள்ளவேண்டும், அல்லது அந்த ரகத்தையே நிறுத்தவேண்டும். பேத்தி போனில் நீ பார்த்தது அதைத்தான். இங்கே இந்த ஜனவரியிலிருந்து தோட்டத்து நாள் சம்பளம் வருகைக் காசோடு 1,750 ரூபாய். நாற்பதாயிரம் ரூபாய் போன் என்றால் இருபத்து மூன்று பேர், அதாவது இருபத்து மூன்று நாள் வேலை. அதில் ஐயாயிரம் ஏறினால் இன்னும் மூன்று பேர். அந்த மூன்று நாள் எதிலிருந்து வரும் என்று எந்தக் கம்பனியும் கணக்குப் பார்க்காது.

பேத்திக்கு என் யோசனை: அவசரமில்லையென்றால் கையிலுள்ள போனுக்கு நல்ல பேட்டரி மாற்றிக் கொடு, இன்னும் இரண்டு வருடம் ஓடும். வாங்கத்தான் வேண்டுமென்றால் நாலு ஜிபி ரேம் உள்ளதை மட்டும் தொடாதே. விலை இறங்கட்டும் என்று காத்திராதே. இறங்கும், ஆனால் சீக்கிரத்தில் இல்லை.

இனி என் விஷயம். உன்னிடம் ஓர் உதவி கேட்கவேண்டும்.

புயலுக்குப் பிறகு சேறு குடித்த போன்கள் நூற்றுக்கு மேல் வந்தன. எல்லாரும் அரிசிக்குள் புதைத்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அரிசி மேலே உள்ள ஈரத்தைக்கூட ஒழுங்காக எடுக்காது, உள்ளே தகட்டு மூடிக்கடியில் தங்கிய சேறு செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றினால் பச்சையாகப் பூத்திருக்கும், பழைய பித்தளைக் குடத்துக் கழுத்து மாதிரி. ஸ்பிரிட் ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவைத்து, லென்ஸை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்க்கவேண்டும். பாதி பிழைத்தது.

பிழைக்காததில் ஒன்று, லயத்தோடு எல்லாம் போன ஓர் அம்மாவுடையது. எழுபதைத் தாண்டியவர். 2003 சட்டத்தில்தான் அவருக்குப் பிரஜாவுரிமையே கிடைத்தது. அந்தச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கடதாசி எல்லாவற்றையும் பேரன் போட்டோ பிடித்து அந்தப் போனில் வைத்திருந்தான். கடதாசிகள் மண்ணுக்குள் போய்விட்டன. நம் ஆட்களுக்குக் கடதாசி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். 1981-இல் நீங்கள் இந்தியாவுக்குப் போக அட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்கு ரயில் ஏறியபோது உன் அப்பா வேட்டி மடியில் கட்டியிருந்த கடதாசிக் கட்டை ஒரு கையால் பிடித்தபடியே எனக்கு மற்றக் கையால் கைகாட்டினார்.

படங்கள் இருக்கிற மெமரியை மட்டும் கழற்றி வேறு போர்ட்டில், அதாவது சிப்கள் ஒட்டிய பலகையில், வைத்தால் போதாதா என்று கேட்பாய். பழைய போன் என்றால் செய்துவிடுவேன். இப்போது உள்ளே எல்லாம் பூட்டு, அந்தப் பூட்டின் சாவி போனின் மூளையான பிராசசருக்குள். இரண்டும் ஒன்றாகவே உயிர் பெறவேண்டும். பார்த்துவிட்டேன், மெமரி நன்றாக இருக்கிறது, பிராசசரும் செத்ததாகத் தெரியவில்லை. பவர் ஐசி வெந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்காது. புதிதாகக் கொழும்பில் கிடைக்கவில்லை, அதே மொடல் செத்த போர்ட்டில் கழற்றலாம் என்றால் அதற்கும் ஆள் வந்துவிட்டார்கள். முன்பெல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்ட சாமான், இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து மெமரி எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள்.

கூடலூரில் கிடைக்காது, கோயம்புத்தூர் போகும்போது பழைய போன் கடைகளில் கேட்டுப் பார். மொடல் பெயரைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்கவேண்டும். உடைந்த டிஸ்பிளே, ஓடாத பேட்டரி எதுவானாலும் பரவாயில்லை. தண்ணீரில் விழுந்தது மட்டும் வேண்டாம். போர்ட்டின் மேல்பக்கத் தகட்டு மூடியை யாராவது ஏற்கெனவே நெம்பியிருந்தால் வாங்காதே, உள்ளே இருக்காது. இரண்டு கிடைத்தால் இரண்டும் எடு, முதலாவதில் கை நடுங்கினால் அடுத்தது வேண்டும். ஐம்பத்தெட்டு ஆகப்போகிறது மச்சான், காலையில் முதல் டீ குடிக்கும்வரை ஐசி கழற்றுகிற ஹாட் ஏரைக் கையில் எடுப்பதில்லை.

மார்ச்சில் உன் மச்சினன் கொழும்பு வருவதாக எழுதியிருந்தாயே, அவரிடம் கொடுத்துவிடு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன். காசை அவரிடமே கொடுத்துவிடுவேன், வேண்டாம் என்று சொல்லாதே. வெறும் பிளாஸ்டிக் பையில் போடாதே, உரசலில் மின்சாரம் ஏறி ஐசி போய்விடும். தேயிலைப் பக்கெட்டின் உள்ளே வெள்ளித்தாள் இருக்குமே, தூளை நன்றாகத் தட்டிவிட்டு அதில் சுற்றி அனுப்பு.

உன்,
ரேடியோ