கால அட்டவணைக்கு முன் பாடக் குழுக்களைப் பாருங்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், கால அட்டவணைப் பொறுப்பிலுள்ள ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

பள்ளி திறந்து, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை ஓரளவு முடிந்து, ஆனித் தேரோட்டத்துக்குள் டைம்டேபிளை ஒட்டிவிட வேண்டும் என்று நாமெல்லாம் அவசரப்படும் காலம் இது. அந்த அவசரத்தில் பெரும்பாலும் நடப்பது, சென்ற ஆண்டின் அட்டவணையை எடுத்து, மாறுதலில் போன ஆசிரியரின் பெயரை அடித்துவிட்டு வந்தவரின் பெயரை எழுதுவதுதான். எந்தப் பாடத்துக்கு எதிரே எந்தப் பாடம் ஒரே பாடவேளையில் இருக்கிறது, அந்த இணை இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. அதை முதலில் பாருங்கள், பாடவேளைகளைப் பிறகு நிரப்புங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடங்கள் இரண்டு போக முதன்மைப் பாடங்கள் நான்கு. ஒரே அறையில் அமரும் பிள்ளைகள் அவற்றுள் மூன்றைச் சேர்ந்து படித்து, நான்காவதில் பிரிகிறார்கள். அறிவியல் பிரிவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பொதுவாக இருக்க, உயிரியல் என்றும் கணினி அறிவியல் என்றும் பிரிகிறார்கள். வணிகவியல் பிரிவில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் பொதுவாக இருக்க, வணிகக் கணிதம் என்றும் கணினிப் பயன்பாடுகள் என்றும் பிரிகிறார்கள். இரண்டு பிரிவும் ஒரே வேளையில் பிரிந்தால் கணினிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் கணினி ஆசிரியர் ஒருவர்தான், ஆய்வகமும் ஒன்றுதான்.

அப்போது இரு பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் இதைக் கண்ணால் கண்டேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் இருப்பது பைத்தான் என்ற நிரல்மொழி, கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் இருப்பது பிஎச்பி என்ற வேறொரு நிரல்மொழி. கரும்பலகையில் பைத்தான் ஓடிக்கொண்டிருக்க, கடைசி வரிசையில் வணிகவியல் மாணவி ஒருத்தி தன் புத்தகத்தில் பிஎச்பி பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த நிரலை வரி வரியாக நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அவளிடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பொதுத்தேர்வில் அவளுக்கும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20 என்றுதான் மதிப்பெண். ஆசிரியர் கிடைக்கவில்லை என்பதற்காக அதில் எவரும் தள்ளுபடி தரப்போவதில்லை. அந்த ஆசிரியர்மேல் எனக்குக் குறையே இல்லை. அவரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது அட்டவணை.

வேறு சில பள்ளிகள் விடுபட்ட பாடத்தைக் கடைசி மணிக்குப் பிறகு சிறப்பு வகுப்பாக வைக்கின்றன. இலவச பாஸை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் களக்காடு, திசையன்விளை பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது வகுப்பே ஆகாது. இன்னும் சில இடங்களில் சேர்க்கையின்போதே “அந்தக் குரூப் இங்கே இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆசிரியரும் இருந்து, ஆய்வகமும் இருந்து, இரண்டு பாடங்கள் எதிரெதிரே விழுந்துவிட்ட ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையின் விருப்பம் மறுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்ய வேண்டியது ஒரு பிற்பகல் வேலை. பெரிய தாளில் பாடங்களின் பெயர்களை மேலே ஒருமுறையும் இடப்பக்கம் ஒருமுறையும் எழுதி, இரண்டு பாடங்கள் சந்திக்கும் கட்டத்தில் அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவரின் எண்ணிக்கையைக் குறியுங்கள். சுழி விழுந்த பாடங்களை மட்டுமே எதிரெதிரே வைக்கலாம்; ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் வைக்கக்கூடாது. பிறகு, ஒரே ஆசிரியர் எடுக்க வேண்டிய இணைகளையும் ஒரே ஆய்வகம் தேவைப்படும் இணைகளையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வட்டம் படாத சுழிகளே நமக்குக் கிடைக்கும் இடம். அறிவியல் பிரிவு பிரியும் வேளையில் வணிகவியல் பிரிவுக்குக் கணக்குப்பதிவியல் வைக்கலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வணிகவியல் பிரிவு பிரியும் வேளையில் அறிவியல் பிரிவுக்குக் கணிதம் வைப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு, ஏனெனில் பல பள்ளிகளில் வணிகக் கணிதத்தையும் அதே கணித ஆசிரியரே எடுக்கிறார். அங்கே வேதியியலை வையுங்கள். இரு பிரிவுகளை ஒரே அறையில் உட்கார வைக்கக்கூடாது என்பதற்குப் பொருளியல் மட்டும் விதிவிலக்கு. கலைப் பிரிவுக்கும் வணிகவியல் பிரிவுக்கும் பாடநூல் ஒன்றே என்பதால், எண்ணிக்கை குறைவாக உள்ள பள்ளிகள் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

மென்பொருள் வைத்து அட்டவணை போடும் பள்ளிகளுக்கும் இதையே சொல்வேன். மோதல் இல்லை என்று அது காட்டுவது, நாம் உள்ளிட்ட குழுக்களை வைத்துத்தான். குழுக்களே சரியா என்று அது நம்மைக் கேட்காது.

பன்னிரண்டாம் வகுப்பில் யார் எந்தக் குரூப் என்பது முந்தைய ஆண்டே தெரிந்துவிடுவதால், அவர்களுக்கான கட்டங்களைக் கோடை விடுமுறைக்கு முன்பே நிரப்பி வைத்துவிடலாம். பதினொன்றாம் வகுப்புக்கு ஜூனில் ஒருமுறை பாருங்கள். துணைத்தேர்வில் தேறி வரும் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் சேர்வார்கள் என்பதால், அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டில் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முதுகலை ஆசிரியர்,
பாளையங்கோட்டை.