பின்னால் இடது டயர்

சங்ககிரி,
ஞாயிறு காலை

கண்ணு,

போனில் சொன்னால் "சரிங்கப்பா, மீட்டிங்ல இருக்கறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங். அதனால்தான் எழுதி, பச்சைப்பயறு மூட்டைக்குள் வைத்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். உன் காரில் பின்னால் இடது டயரை மாற்று. பஞ்சர் ஒட்டாதே, மாற்று.

ஆடி 18 அன்று ராத்திரி பவானியிலிருந்து திரும்பும்போது பங்கில் காத்து அடித்தோம். எல்லாவற்றுக்கும் 33 சொன்ன நீ, அந்தப் பையனிடம் "பின்னாடி இடதுல மட்டும் ரெண்டு சேத்தி வைங்க" என்றாய். எனக்கு அங்கேயே உறைத்தது. ரொம்ப நாளாக ஒரு டயரை ஊதி ஊதி ஓட்டுகிறவன்தான் அப்படிச் சொல்வான். காலையில் நீ எழுவதற்குள் கேஜ் வைத்துப் பார்த்தேன். 35 வைத்தது 30 காட்டியது.

கேட்காமல் சாவியை எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சோப்புத் தண்ணீர் கலக்கி முதலில் வால்வில் விட்டேன், ஒன்றுமில்லை. அங்கே என்றால் உள்ளே இருக்கிற பின்னை மாற்றினால் முடிந்தது, டீக்காசுதான். ரிம் ஓரத்திலும் இல்லை. வண்டியைச் சாண் சாணாக நகர்த்தி ஊற்றினேன். ரோட்டில் உரசுகிற பட்டன் முடிந்து பக்கவாட்டுக்கு வளைகிற இடத்தில் ஒரு நுரை. மிளகு அளவுக்கு வரும், உடையும், மறுபடி வரும். நடுவில் தேய்ந்து பளபளவென்று ஒரு ஸ்க்ரூ தலை. பிடுங்கவில்லை. நீயும் பிடுங்காதே, கடைக்குப் போகிறவரை காத்தைப் பாதி பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

பட்டன் நடுவில் ஏறியிருந்தால் நானே பஞ்சர் போடு என்பேன். 6 மில்லிமீட்டர் வரை ஓட்டை என்றால், டயரைக் கழற்றி உட்பக்கமிருந்து காளான் மாதிரி ஒன்றைச் சொருகி ஒட்டுவார்கள், டயர் தேயும்வரை நிற்கும். வெளியிலிருந்தே குச்சி சொருகி ஐந்து நிமிஷத்தில் அனுப்புவது அவசரத்துக்குத்தான். ஆனால் இது தோள்பட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிருகிற இடம், அங்கே எதை ஒட்டினாலும் நிற்காது. அப்புறம் பக்கத்தில் நாலு எண் இருக்கும் பார், 1419. 2019-ல் 14-வது வாரம் செய்தது, வண்டியோடு வந்த டயர். பட்டனுக்கு நடுவே குறுக்குக் கட்டை தெரிகிறதே, பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று கணக்கு. உன்னுடையது சமத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் ஒட்டுப் போடுவது வேட்டி முழுக்கக் கிழிந்த பின் கரையைத் தைக்கிற மாதிரி.

உனக்குச் சிரிப்பு வரும். ஒட்டுப் போடு, தேய்ந்ததுக்குப் புதுப் பட்டன் ஒட்டி ரீட்ரெட் பண்ணு, வீணாக்காதே என்று ஆயுசு முழுக்கக் கத்தினவன் நான். முன் டயரில் ஒரு ஆணி குத்தினதற்கு முன்னால் இருந்த இரண்டு டயரையும் சேர்த்து மாற்றிவிட்டு வந்து "காலம் மாறிப்போச்சுங்கப்பா" என்று எனக்குப் பாடம் சொன்னவன் நீ. இப்போது நான் மாற்று என்கிறேன். நீ "அதுக்கென்னங்கப்பா, காத்தடிச்சு ஓட்டிக்கலாம்" என்கிறாய். அந்தப் பேச்சு உன் பேச்சு இல்லை.

கிடாரி கன்று போட்டது, காளைக் கன்று. சின்ன அத்தை வீட்டு வளைகாப்புக்கு நீங்கள் வராததற்குப் பேச்சுத்தான். அது கிடக்கட்டும்.

குறைந்த காத்தில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வேகத்தில் போகும்போது வெடிக்கும். உனக்குத் தொப்பூர் இறக்கம் இருக்கிறது, பாப்பா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ 12-ஆம் வகுப்பு படித்த வருஷம் லாரி நாமக்கல்லில் பாடி கட்ட நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா. லாரி நாமக்கல்லுக்குப் போகவே இல்லை. முன் டயர் ஒன்று மூன்று வாரமாக இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றக் காசில்லை. யாரிடமும் கேட்கவும் வாய் வரவில்லை. தினமும் காலையில் காத்து அடித்துக்கொண்டு லோடு ஏற்றினேன். தொப்பூரில் விடியற்காலை வெடித்து டிவைடரில் ஏறிவிட்டது. கிளீனர் பையனுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு போக டியூ கட்ட முடியாமல், வண்டியைப் பைனான்ஸ்காரர் கொண்டுபோய்விட்டார். விற்றுவிட்டேன் என்று அப்புறம் சொன்னது அதைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், உன் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, லாரி ஸ்டாண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு இருட்டியதும் வருவேன். நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தேன். சட்டையில் கிரீஸ் இல்லாத முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். இரண்டு மாதமும் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிரீஸே இல்லாத சட்டையைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்துப் போட்டாள். அந்தப் பையனின் கையைவிட இதுதான் எனக்கு ராத்திரியில் நினைவு வருகிறது.

நீ இந்தத் தடவை லேப்டாப் பை கொண்டுவரவில்லை. எப்போது வந்தாலும் திண்ணையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாய், அம்மா திட்டுவாள். நான் எதையும் கேட்கவில்லை.

பயறுக்கு அடியில் மஞ்சள் பையில் இரண்டு டயருக்கான பணம் இருக்கிறது. பின்னால் இரண்டையும் ஜோடியாகப் போடு, ஒன்று புதுசு ஒன்று பழசு என்று ஓட்டாதே. நீ கார் வாங்கி வந்த அன்று மாரியம்மன் கோவில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான். அந்தப் பாத்தியதையில் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். இல்லை, அந்தப் பணத்துக்கு வேறு செலவு இருந்தால் அதற்கு எடுத்துக்கொள், ஆனால் அந்த டயரோடு வண்டியை வெளியே எடுக்காதே. பஸ்ஸில் வாருங்கள், மூன்று பேரும். எந்தக் கிழமையானாலும் சரி. எத்தனை மணி ஆனாலும் நான் பைபாஸில் வண்டியோடு நிற்கிறேன்.

அப்பா