தன்வரலாறு எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு

மொழி வகுப்பில் கட்டுரையும் கதையும் எழுதப் பழக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

‘மரத்தின் தன்வரலாறு’, ‘நாற்காலி பேசுகிறது’ போன்ற தலைப்புகளை நீங்கள் விடாமல் தருவது நல்ல விஷயம். இன்னொருவராக மாறி யோசிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் அதுதான். ஆனால் வந்து சேரும் கட்டுரைகளில் மரம் நிழல் தருகிறது, காற்று தருகிறது, கடைசியில் ‘என்னை வெட்டாதீர்கள்’ என்று கெஞ்சுகிறது. மரத்தின் பெயரில் பாடப்புத்தகம்தான் பேசுகிறது.

பேசுகிறவருக்கு எது தெரியும், எது தெரியாது, எதை அவர் மறைப்பார் என்பதில்தான் கதையே இருக்கிறது. வகுப்பறை ஜன்னல் கண்ணாடி உடைகிறது என்று வையுங்கள். பந்தை எறிந்தவன், அவனைக் காட்டிக்கொடுப்பதா என்று தவிக்கும் வகுப்புத் தோழி, சத்தம் கேட்டு ஓடிவந்த ஆசிரியர், சில்லுகளைப் பெருக்க வந்த பணியாளர் என நான்கு பேரின் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் எழுதட்டும். விதி ஒன்றுதான்: அந்த ஆளுக்குத் தெரிய வாய்ப்பில்லாத எதுவும் வரக்கூடாது. ஆசிரியர் சொல்லும் கதையில் ‘அவள் மனம் பதறியது’ என்று எழுத முடியாது. அவள் மனம் அவருக்கு எப்படித் தெரியும்? ‘என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்’ என்று எழுதலாம். பதற்றத்தைப் பெயர் சொல்லாமல் காட்டும் வித்தையை இந்தக் கட்டுப்பாடே கற்றுக்கொடுத்துவிடும். பணியாளரின் கதையில் பந்தை எறிந்தவன் வராமலே போகலாம். அதுவும் சரிதான்.

நம் கவிதை மரபு இதை எப்போதோ செய்துவிட்டது. குறுந்தொகையில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று இருப்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அங்கே கவிஞர் ஒதுங்கிக்கொண்டு பாத்திரத்தைப் பேசவிடுகிறார். அந்தக் குறிப்பைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் விடாமல், தோழி சொன்ன அதே செய்தியைத் தலைவன் பக்கம் நின்று உரைநடையில் எழுதச் சொல்லலாமே.

அப்புறம், திருத்துவது பற்றி. பாத்திரம் பொய் சொன்னாலோ தவறான கருத்தைப் பேசினாலோ மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தனக்குப் பிடிக்காத ஆளின் வாயால் நியாயம் பேசிப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே கடினமானது. சிவப்பு மைக்குப் பயந்தால் எல்லாப் பாத்திரமும் நல்லவராகிவிடும். ஆறு வயதுக் குழந்தை கதை சொல்லும் இடத்தில் பழமொழி எங்கே என்றும் கேட்காதீர்கள். அதே சமயம், தன்னை உண்மையில் துன்புறுத்தியவரின் இடத்தில் நின்று எழுதும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த வேண்டாம். கற்பனை நிகழ்ச்சிகளே போதும். சொந்த வாழ்க்கையைத் தொடுவதா வேண்டாமா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.

எழுதி முடித்ததும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் வகுப்பில் வாசிக்கவையுங்கள். பேசுவது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்க முடியாமல் போனால், அந்தப் பக்கத்தை மறுபடி எழுத அதை எழுதிய மாணவருக்கு இன்னொரு பாடவேளை கொடுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

அன்புடன்,
மாணவர் எழுத்தில் அக்கறையுள்ள ஒரு வாசகர்