பாப்பா, உன் நேரத்தையும் கணக்குல சேரு

பாப்பா,

நேத்து போன்ல "ஆர்டர் நிறைய வருதுப்பா, ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல"ன்னு சொன்னியே, நீ பேசிட்டு இருந்தப்பவே பின்னாடி தையல் மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு, மணி ராத்திரி 11. போனை வச்சதுக்கு அப்புறம் எனக்கு தூக்கமே வரல. அதான் உக்காந்து எழுதுறேன், அவசரம் இல்ல, வேலை முடிச்சுட்டு படி.

அப்பா 26 வருஷம் தனி ஆளா மோட்டாருக்கு செம்புக் கம்பி சுத்தி காயில் கட்டினவன், அதுல முதல் 6 வருஷம் என்ன தப்பு பண்ணேனோ அதையே நீயும் பண்றியோன்னு பயமா இருக்கு. நீ தைச்சு விக்கிற கைப்பைக்கு எப்படி விலை போட்டன்னு நான் கேட்டப்ப துணி, ஜிப், நூல், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் ஒண்ணு விடாம சொன்ன, தைக்கிற 2 மணி நேரத்துக்கு கூலியும் சேர்த்துட்டேன்னு சொன்ன. ஆனா அந்தக் கைப்பைக்காக வாட்ஸ்அப்ல கலர் மாத்தி மாத்தி கேட்டவங்களுக்கு பதில் போட்டது, போட்டோ எடுத்தது, துணி எடுக்க போயிட்டு வந்தது, பார்சல் கட்டினது, காசு வரலன்னு ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினது, இதெல்லாம் யாரு கணக்குல எழுதின?

நீ வருஷத்துக்கு இவ்வளவு வேணும்னு ஒரு தொகையை நினைச்சு அதை நாளைக்கு 8 மணி நேரம்னு வகுத்து மணிக்கூலி போட்டிருக்க. நானும் அப்படித்தான் போட்டேன். வருஷத்துல 365 நாள், சனி ஞாயிறு 104 போனா 261, அதுல உடம்பு முடியாத நாள், விசேஷம், வெளியூர்னு ஒரு 31 நாள் கழிச்சா 230 நாள்தான். அந்த 230 நாள்லயும் தினம் 3 மணி நேரம் போன், பில், அலைச்சல்னு போயிடும், நிஜமா தைக்கிறது 5 மணி நேரம். பெருக்கிப் பாரு, 1150 மணி நேரம். நீ நினைச்சுட்டு இருக்கிறது 261 நாளுக்கு 8 மணி நேரம்னு 2088. அப்போ நீ போட்ட மணிக்கூலி கிட்டத்தட்ட 1.8 மடங்கு இருந்தாத்தான் நீ நினைச்ச தொகை வரும், மிச்சத்தைத்தான் ராத்திரி 11 மணிக்கு தூக்கத்தை வித்து ஈடு கட்டிட்டு இருக்க. இந்தக் கணக்கை எனக்கு அப்ப யாரும் சொல்லித் தரல.

அப்புறம் கேக்குறவங்களுக்கு நீ குடுக்கிற அந்த 10 சதவீதம் தள்ளுபடி. கேக்குறவங்க முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்ல உனக்கு வராது, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஆனா ஒண்ணு யோசி, 100க்கு விக்கிற பையில துணி, பெட்டி, அனுப்புற செலவு எல்லாம் 70 போகுதுன்னு வை, உனக்கு நிக்கிறது 30. 10 குறைச்சா நிக்கிறது 20. முன்னாடி 10 பை வித்து எடுத்த 300ஐ இனிமே எடுக்க 15 பை தைக்கணும். ஆள் வச்சு நடத்துறவங்க இன்னும் ஒரு ஆளைப் போட்டு தைச்சுக்குவாங்க, உனக்கு இருக்கிறது அதே ரெண்டு கை. யாராவது குறைச்சுக் கேட்டா விலையை குறைக்காத, வேலையை குறை. உள் பாக்கெட் இல்லாம தரேன், லைனிங் இல்லாம தரேன்னு சொல்லு, அது மரியாதையான பேச்சு, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

லாபம் வேற, கையில காசு வேற, இதையும் நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு பெரிய தொழிற்சாலை எனக்கு மாசத்துக்கு பாதிக்கு மேல வேலை கொடுத்துட்டு இருந்தாங்க, நானும் அதை நம்பி சின்னச் சின்ன கஸ்டமர் வந்தா அப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டு இருந்தேன். ஒரு தடவை 4 மாசம் பில் நிலுவையில போட்டுட்டாங்க. நோட்டுல பார்த்தா நல்ல லாபம், ஆனா செம்புக் கம்பி வாங்க காசு இல்ல, வார்னிஷ் வாங்க காசு இல்ல, உங்கம்மா வளையலைத்தான் கழட்டிக் கொடுத்தா. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப ரொம்ப சின்னவ. அதுக்கு அப்புறம் பாதி அட்வான்ஸ் வாங்காம ஒரு மோட்டாரையும் பிரிச்சதில்ல, எந்த ஒரு ஆள்கிட்டேர்ந்தும் மொத்த வேலையில மூணுல ஒரு பங்குக்கு மேல வராம பார்த்துக்கிட்டேன். மீதிப் பணம் எந்தத் தேதிக்குள்ளன்னு பில்லுலயே எழுதிடு, வாயால சொன்னா மறந்துடுவாங்க. உன் அலமாரியில அடுக்கி வச்சிருக்கிற துணியும் தூங்குற காசுதான், கலர் நல்லா இருக்குன்னு வாங்கிக் குவிக்காத.

பேங்க்ல தொழிலுக்குன்னு தனி அக்கவுண்ட் திறன்னு போன தடவையே சொன்னேன், இன்னும் திறக்கல. கம்பெனின்னு தனியா பதியாத தனி ஆள் தொழில்ல தொழில் கடனும் உன் கடன்தான், அது சட்டம். அதனாலதான் நீயாவது பிரிச்சு வச்சுப் பார்க்கணும். வர்ற காசு முதல்ல அங்க விழட்டும், மாசம் ஒரு தேதியில உனக்கு சம்பளம்னு ஒரு தொகையை எடுத்துக்கோ, வரிக்குன்னு ஒரு பங்கை தொடாம ஒதுக்கு. மிஷின் 5 வருஷம் ஓடும்னா அதோட விலையை 60ஆ வகுத்து மாசாமாசம் எடுத்து வை, அது நிக்கிற அன்னைக்கு கடன் வாங்க ஓட வேண்டாம்.

இன்னொன்னு, இதை எழுதத்தான் உக்காந்தேனோ என்னவோ. நீ வேலையை விட்டுட்டு இதை ஆரம்பிச்சப்ப நான் வேண்டாம்னு சொன்னேன், அதனால கஷ்டத்தை என்கிட்ட சொல்ல நீ யோசிக்கிறதா உங்கம்மா சொல்றா. அப்படி யோசிக்காத பாப்பா. நீ அனுப்பின பையோட தையலை நான் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன், கைப்பிடி சேர்ற இடத்துல குறுக்கால ரெண்டு தடவை ஓட்டியிருக்க, உள்ள துண்டுத்துணி வச்சு பலப்படுத்தியிருக்க, யாரும் பார்க்காத இடத்துல. நல்ல வேலைக்காரி நீ. உன் வேலைக்கு விலை குறைவா இருக்கே தவிர வேலையில குறை இல்ல.

தனியா செய்யறவங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா அன்னைக்கு கடையே கிடையாது, அதனால வாரத்துல ஒரு நாளாவது மிஷினை மூடி வை. ஆர்டர் ஒரு வாரம் தள்ளித் தரேன்னு முதல்லயே சொல்லிட்டா காத்திருப்பாங்க, சொன்ன தேதிக்கு தரலைன்னாத்தான் போயிடுவாங்க.

நாளையிலேர்ந்து 2 வாரத்துக்கு ஒரு நோட்டுல எழுது, எத்தனை மணிக்கு என்ன செஞ்சேன்னு மட்டும், தைச்சது, பேசினது, அலைஞ்சது, எல்லாம். போட்டோ எடுத்து அனுப்பு, நான் கூட்டித் தரேன், அதை வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து புது விலை போடுவோம். அப்புறம் அந்த மிஷின் சத்தம் போன்லயே கரகரன்னு கேட்டுச்சு, எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு?

அப்பா