34 ஓட்டங்கள் எடுத்துத் தோற்றவர்கள்

ஸ்காபரோ,
நவம்பர் 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

இந்த ஆண்டுப் பேஸ்போல் இறுதியான உலகத் தொடரைப் பற்றிய உன் செய்தியைப் பார்த்தேன். "கடைசியில் தோற்றுத்தானே போனார்கள், பிறகு ஏன் அம்மா நீங்களும் அப்பாவும் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்டிருந்தாய். லொஸ் ஏஞ்சலிஸில், வென்றவர்களின் ஊரில், டொட்ஜர்ஸ் தொப்பி போட்டவர்களுக்கு நடுவே வேலைக்குப் போய்வருகிற உனக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. தொலைபேசியில் பேசத் தொடங்கினால் நீ சிரிப்பாய், நான் கோபப்படுவேன், கதை வேறெங்கோ போய்விடும் என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், உன் அலுவலக நண்பர்களிடம் சொல்ல உதவும். இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் நம்முடைய ரொறன்ரோ புளூ ஜேஸ் எடுத்தது 34 ஓட்டங்கள், டொட்ஜர்ஸ் எடுத்தது 26. எட்டு ஓட்டங்கள் அதிகம் எடுத்த அணி கிண்ணத்தை இழந்தது. 11க்கு 4, 6க்கு 2, 6க்கு 1 என்று வெல்லும்போது அள்ளிக்கொண்டு வென்றார்கள். 6க்கு 5, 3க்கு 1, 5க்கு 4 என்று நூலிழையில் தோற்றார்கள். டொட்ஜர்ஸின் பந்து வீச்சாளர் யமமோட்டோ முழு ஆட்டத்தையும் தானே வீசி முடித்த இரண்டாம் ஆட்டம் ஒன்றைத்தான் தெளிவாகத் தோற்றோம் என்று சொல்லலாம். இந்த மேடு பள்ளம் இறுதித் தொடரில் மட்டும் வந்ததல்ல. மார்ச்சிலிருந்தே இந்த அணி இப்படித்தான் விளையாடியது. அதனாலேயே எனக்கு இவர்களைப் பிடித்துப்போனது.

2024இல் 74 வெற்றி, 88 தோல்வியுடன் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி இது என்பது உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னர் 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பிளே ஓஃப் என்ற வெளியேற்றச் சுற்று வரை போய் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பியவர்கள். இந்த ஆண்டு முதல் நாளே பல்ரிமோரிடம் 12க்கு 2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 92.5 மில்லியன் டொலர் கொடுத்து அழைத்துவந்த சன்ரான்டர், முந்தைய ஆண்டு 44 ஹோம் ரன் (பந்தை மதிலுக்கு மேலால் அனுப்பும் அடி) அடித்தவர், இங்கே ஆறு மட்டும் அடித்துவிட்டுத் தோள் காயத்தோடு ஓய்வறைக்குப் போனார். ஏப்ரலில் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் ஒப்பந்தம் போட்ட நம் நட்சத்திரம் விளாடிக்கும் பந்து மதிலைத் தாண்டவில்லை. மே மாதம் முடியும் தறுவாயில் வென்றவற்றைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம். எங்கள் பிரிவின் நியூ யோர்க் யாங்கீஸ் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உறங்கப் போவதும், காலையில் எழுந்து "என்ன, தோற்றார்களா" என்று என்னிடம் கேட்பதும் வழக்கமாகிப்போனது.

பிறகு கனடா தினம் வந்தது. ஜூன் 30இலிருந்து நான்கு நாட்கள், நான்கு ஆட்டங்கள், நான்கையும் யாங்கீஸிடமிருந்து பறித்தார்கள். ஜூலை முதலாம் தேதி ஸ்பிரிங்கர் ஒரு கிராண்ட் ஸ்லாம் (மூன்று தளங்களிலும் ஆள் நிற்க அடிக்கும் ஹோம் ரன்) உட்பட ஏழு ஓட்டங்களைத் தனியாளாகக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டு .220 சராசரியில் தடுமாறி, இவர் இனி முடிந்தார் என்று நானும் சேர்ந்து பேசிய அதே ஸ்பிரிங்கர்தான் இந்த ஆண்டு .309 சராசரியில் 32 ஹோம் ரன்கள் அடித்தார். அந்தத் தொடர் முடியும்போது பிரிவில் முதலிடம் நம்முடையது. தொடர் வெற்றிகள் பத்து வரை நீண்டன.

ஆனால் நேரான பாதை என்று எதுவும் இவர்களிடம் இல்லை. ஆகஸ்டில் கொலராடோவில் மூன்று ஆட்டங்களில் 45 ஓட்டங்கள் குவித்தார்கள். அதில் கடைசி ஆட்டம் 20க்கு 1. ஆறு கிழமைகள் கழித்துக் கன்சாஸ் சிற்றியில் அதே 20க்கு 1 என்ற கணக்கில் தாங்களே தோற்றார்கள். ஒரே பருவத்தில், ஒரே எண்ணிக்கையில், இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று அப்பா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில் நம் முக்கிய ஆட்டக்காரர் போ பிஷெட்டும் இல்லை. செப்ரெம்பர் 6ஆம் தேதி ஹோம் தளத்தில் பிடிப்பவரோடு மோதி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். கையிலிருந்த முன்னிலை கரைந்து, கடைசி வாரத்தில் யாங்கீஸுடன் சமமாகி நின்றோம்.

பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நேரில் போனோம். ஸ்காபரோவின் பழைய ரயிலைத்தான் நிறுத்திவிட்டார்களே, பேருந்தில் கெனடி நிலையம் வரை போய், அங்கிருந்து சுரங்க ரயிலில் யூனியன் வரை. ஆக மேல் அடுக்கில் இருக்கை. ஆட்டக்காரர்கள் சுண்டுவிரல் அளவுதான் தெரிந்தார்கள். முதல் இன்னிங்ஸிலேயே நம் கேர்க் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அந்தப் பருத்த உடம்பு அவசரமே இல்லாமல் தளங்களைச் சுற்றி ஓடிவந்தபோது எனக்கு முன் வரிசையில் இருந்த, முன்பின் அறியாத ஒரு முதியவர் திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். 13க்கு 4 என்று வென்றோம். நியூ யோர்க்கில் யாங்கீஸும் வென்றார்கள். இரு அணிக்கும் 94 வெற்றி, 68 தோல்வி. தங்களுக்குள் விளையாடிய 13 ஆட்டங்களில் எட்டை நாம் வென்றிருந்ததால் 2015க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவு நமக்குக் கிடைத்தது. கனடா தினத்து வாரத்தின் அந்த நான்கு ஆட்டங்கள் இல்லாவிட்டால் இது இல்லை என்பதை யோசித்துப் பார்.

நீ கேட்ட கேள்விக்கு என் உண்மையான விடை இந்த அணியின் ஆட்களிடம் இருக்கிறது. எர்னி கிளெமென்ற் 2023இல் ஓக்லண்ட் அணி வேண்டாம் என்று விடுவித்த ஆள். இந்த பிளே ஓஃபில் 30 தடவை பந்தை அடித்துத் தளத்துக்குப் போய், ஒரே பிளே ஓஃபில் அதிக ஹிற் எடுத்தவர் என்ற சாதனையை வைத்திருக்கிறார். எரிக் லோவர் 2024இல் கொரியாவில் விளையாடிக்கொண்டிருந்தார். மைனர் லீக் என்ற கீழ்மட்ட ஒப்பந்தத்தில் வந்துசேர்ந்து, இறுதித் தொடரில் வழக்கமான ஒன்பதுக்குப் பதில் 18 இன்னிங்ஸ் நீண்ட அந்த மூன்றாம் ஆட்டத்தில் நாலரைக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீசினார். (அந்த ஆட்டம் நமக்கு விடியற்காலை மூன்று மணியளவில்தான் முடிந்தது. அப்பா பதினோராவது இன்னிங்ஸில் கதிரையிலேயே உறங்கிவிட்டார். டொட்ஜர்ஸின் ஃபிரீமன் அடித்து முடித்ததை நான் எழுப்பிச் சொல்லவில்லை.) ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பையன் இந்த ஆண்டை டனீடினில், அடிமட்ட அணியில் தொடங்கியவன். செப்ரெம்பர் நடுவில் மேலே வந்தான். ஒக்ரோபர் முடிவதற்குள் உங்கள் ஊர் மைதானத்தில், ஐந்தாம் ஆட்டத்தில், ஒருவருக்கும் இலவசத் தளம் கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், அதாவது பந்தை அடித்துக் களத்தில் போட விடாமலே வெளியேற்றினான். தோளுக்கு மேலே, உச்சியிலிருந்து வருகிற பந்து நேராக வருவதுபோல் வந்து ஹோம் தளத்துக்கு முன்னால் சடாரென்று கீழே விழும். அடிப்பவர் காற்றை வீசிவிட்டு நிற்பார்.

துடுப்பாட்டத்திலும் இவர்கள் காலத்துக்கு ஒவ்வாதவர்கள். எல்லா அணிகளும் ஹோம் ரன்னுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வீசி ஸ்ட்ரைக் அவுட் ஆகிற இந்நாளில், மேஜர் லீக்கிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆனதும், சராசரியில் முதலிடத்தில் நின்றதும் நம் அணிதான். ஒன்பது பேரும் மாறிமாறி நெருக்கினால் எதிரணிப் பந்து வீச்சாளர் களைத்துப்போவார். அது கைகூடிய நாட்களில் பத்து ஓட்டங்கள் வந்தன, கூடாத நாட்களில் ஒன்று. மேடு பள்ளத்துக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்கு எல்லாம் பந்து வீச்சுத்தான்.

உலகத் தொடருக்கு முந்தைய, சியாற்றிலுடனான தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த மைதானத்தில் தோற்றுவிட்டு விமானம் ஏறினார்கள். 2022இல் இதே சியாற்றிலிடம் 8க்கு 1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தைத் தொலைத்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. அங்கே போய் 13, 8 ஓட்டங்கள் என்று அடித்து இரண்டு ஆட்டங்களை வென்றார்கள், மீண்டும் ஒன்றைத் தோற்றார்கள், ஏழாம் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 3க்கு 1 என்று பின்னால் நிற்கையில் ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து 1993க்குப் பிறகு முதல் தடவையாக நம்மை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். அவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கடைசி இரண்டு இரவுகளுக்கு வருகிறேன். ஆறாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில் நம் பார்கர் அடித்த பந்து மதிலின் அடியில் மெத்தைக்கும் தரைக்கும் இடையே செருகிக்கொண்டு அசையாமல் நின்றது. துள்ளி வந்திருந்தால் முதலாம் தளத்து ஆள் ஹோம் தளம் சேர்ந்து ஓட்டம் எடுத்திருப்பார். விதிப்படி இரண்டு தளம் மட்டும் என்று நிறுத்தினார்கள். பின்னர் வந்த ஒரு தாழ்ந்த பந்தை இடது களத்திலிருந்து ஓடிவந்து பிடித்தவர், பார்கர் திரும்புவதற்குள் இரண்டாம் தளத்துக்கு எறிந்து ஆட்டத்தையே முடித்துவிட்டார்.

மறுநாள் ஏழாம் ஆட்டம். ஒரு காலை இழுத்துக்கொண்டு ஆடிய பிஷெட், டொட்ஜர்ஸின் ஒஹ்தானியின் பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக நடுக் களத்துக்கு அப்பால் அனுப்பினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை வெளியேற்றினால் கிண்ணம் என்ற நிலையில், ஹோம் ரன்னுக்குப் பேர்போகாத டொட்ஜர்ஸின் ரோஹாஸ், நம் ஹொஃப்மனின் பந்தை மதிலுக்கு மேலால் அனுப்பி 4க்கு 4 ஆக்கினார். நம் முறையில் தளங்கள் மூன்றும் நிறைந்து, ஒருவர்தான் வெளியேறியிருந்தார். வார்ஷோ தரையோடு அடித்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோம் தளத்துக்கு எறிந்தார். நம் கைனர்-ஃபலெஃபா மூன்றாம் தளத்திலிருந்து சறுக்கி வந்தும் வெளியேற்றப்பட்டார். பிடிப்பவரின் கால் தளத்தைவிட்டு எழுந்து திரும்பவும் தொட்டது. மெதுவாக ஓட்டிக் காட்டியபோது, ஒரு பாதணி அளவு இடைவெளிதான் என்பது தெரிந்தது. கைனர்-ஃபலெஃபா மூன்றாம் தளத்தைவிட்டு ஏன் இன்னும் முன்னால் வந்து நிற்கவில்லை என்று இந்த ஊரில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அதிகம் விலகவேண்டாம் என்றே தமக்குச் சொல்லப்பட்டது என்று அவர் பிறகு சொன்னார். முந்தைய இரவில்தான் பார்கர் தளத்தைவிட்டு விலகி அகப்பட்டார். அந்தப் பயத்தில் சொன்ன யோசனையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார், கேர்க்கின் துடுப்பு உடைந்து, ஒரே அடியில் இருவர் வெளியேறும் டபிள் பிளேயில் எல்லாம் முடிந்தது.

ஹொஃப்மனைப் பற்றியும் சொல்லவேண்டும். பருவம் முழுவதும் 33 ஆட்டங்களை முடித்துக் காப்பாற்றியவர், அதே பருவம் முழுவதும் ஹோம் ரன் கொடுத்துக்கொண்டும் இருந்தவர். சியாற்றிலுக்கு எதிராகக் கடைசி ஆளை வெளியேற்றியதும் அவரே, ரோஹாஸுக்குக் கொடுத்ததும் அவரே. முன்னதற்குக் கைதட்டிவிட்டுப் பின்னதற்கு மட்டும் காறி உமிழ்வது நியாயமில்லை என்பது என் தீர்ப்பு. அதைவிட, மூன்று தளங்களும் நிறைந்திருக்க ஒருவரையும் கொண்டுவர முடியாமல் போனதே தோல்விக்குப் பெரிய காரணம்.

1992, 1993 ஆண்டு அணிகள் இதைவிடச் சிறந்தவை, கிண்ணமும் கொண்டுவந்தன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதம் ஒவ்வொரு இரவும் என்னை உட்காரவைத்தது இந்த அணிதான். பிஷெட்டின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவரை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் விருப்பம், காசைப் பற்றி எனக்கென்ன. யெசாவேஜ் அடுத்த ஆண்டும் வீசுவான் என்று நம்புகிறேன். நீ ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயே, திகதியை முன்கூட்டியே சொன்னால் அப்பா நுழைவுச்சீட்டு எடுத்துவைப்பார். இப்போது மேல் அடுக்குக்கும் விலையைக் கூட்டிவிட்டார்களாம்.

அன்புடன்,
அம்மா