பெரியத்தை இருக்கிற வீடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கடையத்து வீட்டைக் கிரயம் பேச வருகிறவர்களிடம் உன் பெரியத்தையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று நீயும் மாப்பிள்ளையும் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். விலை குறைந்துவிடும் என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

1975-க்குப் பிறகு இந்த நாட்டில் இல்லாமலே போன பெரியம்மை, நான் பிறப்பதற்கு முன் ஒரு கோடையில் என் அக்காவைக் கொண்டுபோனது. அப்போது அவளுக்கு 12 வயது. கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டோடு வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். இசக்கியம்மனுக்கும், கோயில் கொடையும் வில்லுப்பாட்டும் கேட்கிற சுடலைமாடனுக்கும் ஊர் அஞ்சும். நம் கன்னிக்கு வேண்டியதோ பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, சாந்து, கொஞ்சம் பூ, அவ்வளவே. அவற்றை வைத்த ஓலைப்பெட்டி மச்சில் தொங்குவதை நீ அறிவாய். தை மாதம் புதுத்துணி வைக்கும்போது ஆச்சி பழைய பாவாடையை எடுத்து உனக்கு உடுத்திவிடுவாள்; நீயும் அதோடு தெருவெல்லாம் சுற்றி வருவாய்.

மச்சில் கேட்கிற சத்தத்தை அவள் நடமாட்டம் என்பார்கள். அதன் காரணம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு விளங்காததன்று. பகல் வெயிலில் காய்ந்து விரிந்த கூரைப் பனங்கைகள் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக முறியும் ஓசை எழுப்பும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று தார்சாக் கதவைத் திறந்து மூடும். இவ்வளவும் நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்ட உன் ஆச்சி, அன்று இரவும் மேலே பார்த்து, "பிள்ளை இன்னும் தூங்கலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைத்தாள். அவள் போனபின் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் இந்தக் கதையை என்றைக்கானாலும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து கேட்கத்தான் போகிறார்கள். அங்கிருந்து வந்தால் பேய்க்கதையாக வரும். நான் சொன்னால் ஒரு வீட்டுப் பிள்ளையின் கதையாக இருக்கும். அஞ்சுகிறவர் அறியாமல் வாங்கிவிட்டு மறுமாதம் நம்மை ஏசுவதைவிட, அஞ்சாதவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கட்டும். தரகர், மந்திரவாதி ஒருவரை அழைத்து அவளை மந்திரத்தால் கட்டிவிடலாம் என்றார். 12 வயதுப் பிள்ளையைக் கட்டுவதாவது! அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

வீட்டை விற்றாலும் பெட்டி என்னோடு கோயம்புத்தூருக்கு வரும். பூசை அலமாரிக்கு மேலே ஓர் ஆணி அடித்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல், ஓலைப்பெட்டிக்குக் கனமில்லை. கிரயப் பத்திரத்துக்கு வரும்போது ஒரு பட்டுப்பாவாடை வாங்கி வா. அளவு கேட்டால் 12 வயதுக்கு என்று சொல். சிவப்பு வேண்டாம், போன தையில் சிவப்புதான் எடுத்தோம்.

அன்புடன்,
அப்பா